லிஸ்ட் பியானோவுக்கு எழுதிய ‘டான்ஹாய்சர்’ ஓவர்ச்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பியானோ சொல்லித் தருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளும் பெற்றோரும் சில நண்பர்களும் கூடிப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்போம். வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ என்ற ஓபராவின் (பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம்) ஓவர்ச்சரை ஃப்ரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு மாற்றி எழுதியதைப் போட்ட நாளிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வாய்வழியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இது வாக்னர் பாட்டா, லிஸ்ட் பாட்டா? யாரைச் சொல்ல வேண்டும்?

இசை வாக்னருடையது. ரிச்சர்ட் வாக்னர், 1813-இல் பிறந்த ஜெர்மானியர். ‘டான்ஹாய்சர்’ ஓபராவுக்கு வசனமும் இசையும் அவரே எழுதினார். அது முதலில் மேடையேறியது 1845 அக்டோபர் 19, ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகர அரசவை அரங்கில். அப்போது அவர் அங்கே இசை நடத்துநராகச் சம்பளத்தில் இருந்தார்.

லிஸ்ட் ஹங்கேரியில் பிறந்தவர், வாக்னரைவிட இரண்டு வயது மூத்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பியானோ என்றாலே அவர் பெயர்தான். இவர் அந்த ஓவர்ச்சரை 1848-இல் இரண்டு கைகளுக்கு எழுதினார். அதனால் நிகழ்ச்சி நிரலில் ‘வாக்னர்–லிஸ்ட்’ என்று நடுவில் கோடு போட்டு எழுதுவார்கள். லிஸ்ட் படைப்புகளின் சர்ல் பட்டியலில் இதன் எண் 442. இணையத்தில் தேடும்போது அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், சட்டென்று கிடைக்கும்.

ஓவர்ச்சர் என்றால் என்ன? கதை தெரியாமல் கேட்டால் ஒன்றும் புரியாதா?

திரை விலகுவதற்கு முன்னால் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. சில ஓபராக்களில் அது ஜனங்கள் வந்து உட்காரும்வரை ஓடும் சத்தம்தான். வாக்னர் இதில் கதை முழுவதையும் பதினைந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறார்.

கதை இதுதான். டான்ஹாய்சர் ஒரு வீரன், பாடகன். காதல் தேவதை வீனஸின் மலைக்குள் அவளோடு வாழ்கிறான். சலித்துப்போய் வெளியே வருகிறான். வார்ட்பர்க் கோட்டையில் நடக்கும் பாட்டுப் போட்டியில், எல்லோரும் தூய காதலைப் பாட, இவன் வீனஸைப் புகழ்ந்து பாடிவிடுகிறான். அவனை வெட்ட வருகிறார்கள். அவனை நேசிக்கும் எலிசபெத் தடுக்கிறாள். மன்னிப்புக் கேட்க யாத்ரீகர்களோடு ரோமுக்கு நடக்கிறான். போப்பாண்டவரோ, “என் கைக்கோல் துளிர்த்தால்தான் உனக்கு மன்னிப்பு” என்கிறார். திரும்பி வரும்போது எலிசபெத் இறந்திருக்கிறாள். கோல் துளிர்த்த செய்தியும் வந்து சேர்கிறது.

ஓவர்ச்சரில் முதலில் யாத்ரீகர் பாட்டு தூரத்திலிருந்து வந்து, நெருங்கி, கடந்து போகும். பிறகு வீனஸ் மலையின் ஆட்டம், அதற்குள் டான்ஹாய்சர் அவளைப் புகழும் பாட்டு இரண்டு முறை. கடைசியில் யாத்ரீகர் பாட்டு திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திரும்ப எழுதுவது காப்பி இல்லையா?

இன்றைய கண்ணால் பார்த்தால் அப்படித் தோன்றும். 1848-இல் இசைத்தட்டு கிடையாது, வானொலி கிடையாது. ட்ரெஸ்டனில் ஒரு ஓபரா நடந்தால் ட்ரெஸ்டன்காரர்கள்தான் கேட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வந்து சேரப் பெரும்பாலும் ஒரே வழி, வீட்டுக் கூடத்துப் பியானோ.

ஓர் உதாரணம். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் ‘ஃபெண்டாஸ்டிக் சிம்பொனி’யை லிஸ்ட் 1833-இல் பியானோவுக்கு மாற்றி, சொந்தக் காசில் அச்சிட்டார். 1835-இல் அந்த சிம்பொனியைப் பற்றி ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் நீண்ட விமர்சனம் எழுதினார். ஆர்கெஸ்ட்ரா வாசித்து அவர் அதைக் கேட்டதே இல்லை! லிஸ்ட்டின் பியானோ இசைத்தாளை வைத்துக்கொண்டுதான் எழுதினார். அந்தத் தாளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

வாக்னரும் இந்த வேலையைச் செய்தவர்தான். 1840 வாக்கில் பாரிஸில் சோற்றுக்கு வழியில்லாமல் இருந்தபோது, இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ‘லா ஃபவோரித்’ ஓபராவைப் பதிப்பாளர் ஒருவருக்காகப் பியானோவுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் மாற்றிக் கொடுத்துப் பிழைத்தார். அவருக்கு அது கூலிவேலை. லிஸ்ட் செய்தது அப்படியல்ல.

வாக்னருக்குக் கோபம் வரவில்லையா?

கோபமா? அவருக்கு அப்போது யாராவது கைதூக்கிவிட்டால் போதும் என்ற நிலை. தன் ஓபராக்களைத் தானே செலவு செய்து மேஸர் என்ற ட்ரெஸ்டன் பதிப்பாளர் மூலம் அச்சிட்டு, கடனில் மூழ்கியிருந்தார். 1846-இல் லைப்ஸிக்கில் இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் இந்த ஓவர்ச்சரை நடத்தினார், அங்கே எடுபடவில்லை. இந்த நிலையில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பியானோ கலைஞர் தன் பெயரையும் சேர்த்து வெளியிடுகிறார் என்றால் அதைவிட விளம்பரம் ஏது? லிஸ்ட்டின் தாளும் 1849-இல் அதே மேஸரிடமிருந்துதான் வந்தது.

லிஸ்ட் கச்சேரியில் கைதட்டல் வாங்கத்தானே எழுதினார்?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தேதிகள் ஒத்துவரவில்லை. லிஸ்ட் காசுக்குக் கச்சேரி செய்வதை 1847 செப்டம்பரிலேயே, இன்றைய உக்ரைனில் இருக்கும் எலிசாவெத்கிராதில், நிறுத்திவிட்டார். வயது 35. அடுத்த பிப்ரவரியில் வைமார் என்ற சின்ன ஊரில் அரசவை இசைப் பொறுப்பை ஏற்று உட்கார்ந்துவிட்டார். இந்தத் தாள் அதற்குப் பிறகு எழுதியது.

வைமாரில் 1848 நவம்பர் 12-இல் இதே ஓவர்ச்சரை ஆர்கெஸ்ட்ராவோடு நடத்தினார். 1849 பிப்ரவரி 16-இல், வைமாரைத் தலைநகராகக் கொண்ட சிற்றரசின் அரசி மரியா பவ்லோவ்னாவின் பிறந்தநாளில், முழு ஓபராவையும் மேடையேற்றினார். கதையில் வரும் வார்ட்பர்க் கோட்டை அன்று அந்த அரச குடும்பத்தின் நிலத்தில்தான் நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதாவது ஒரே குளிர்காலத்தில் நண்பரின் இசையை ஆர்கெஸ்ட்ராவில் நடத்தி, மேடையேற்றி, பியானோவிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்றே மாதத்தில், மே 1849-இல், ட்ரெஸ்டனில் கிளர்ச்சி. வாக்னர் அதில் மாட்டிக்கொண்டார், கைது ஆணை பிறந்தது. ஓடி வந்த இடம் வைமார், லிஸ்ட்டின் வீடு. வேறொருவர் பெயரிலிருந்த பாஸ்போர்ட்டில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அடுத்த ஆண்டு ‘லோஹென்கிரின்’ ஓபராவை முதன்முதலாக லிஸ்ட்தான் வைமாரில் நடத்தினார். எழுதியவரால் வந்து பார்க்க முடியவில்லை. அந்த ஓபரா லிஸ்ட்டுக்குத்தான் காணிக்கை.

அட்டையில் ‘கச்சேரிக்கான பாராஃப்ரேஸ்’ என்று போட்டிருக்கிறதே. அப்படியானால் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறாரா?

இல்லை. பாராஃப்ரேஸ் என்றால் தன் நடையில் திரும்பச் சொல்வது. அந்தப் பெயர் ஆளை ஏமாற்றும். லிஸ்ட்டிடம் இரண்டு விதமான வேலைகள் உண்டு. ஒன்று, ஓபராவிலிருந்து சில மெட்டுகளை எடுத்துத் தன் கற்பனைக்குப் பின்னுவது. வெர்டியின் ‘ரிகொலெட்டோ’விலிருந்து செய்தது அந்த ரகம். இன்னொன்று, உள்ளதை உள்ளபடி பியானோவில் இறக்கி வைப்பது. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் அப்படி இறக்கினார்.

‘டான்ஹாய்சர்’ ஓவர்ச்சர் இரண்டாவது ரகத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. வாக்னரின் ஆர்கெஸ்ட்ரா தாளையும் இதையும் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அதே வரிசை, அதே சுருதி மாற்றங்கள். சுதந்திரம் எடுத்துக்கொண்டது எதைச் சொல்கிறார் என்பதில் இல்லை, எந்த விரலால் சொல்கிறார் என்பதில்தான். பாராஃப்ரேஸ் என்ற சொல்லை நான் அட்டையோடு விட்டுவிடுவேன்.

அறுபது பேர் வாசிப்பதைப் பத்து விரல் எப்படி வாசிக்கும்?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பியானோவின் பெரிய குறை, சத்தம் போதாமை அல்ல. கட்டையை அழுத்திய அந்த நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும் என்பதுதான். வயலின்காரர் வில்லை அழுத்தி ஒரே ஸ்வரத்தைப் பெருக்கலாம், ஊதுகிறவர் மூச்சைக் கூட்டலாம். பியானோவில் அடித்தது அடித்ததுதான். இந்த ஓவர்ச்சரோ முழுக்க முழுக்க நீண்ட ஸ்வரங்களின் மேல் கட்டியது. கிளாரினெட், பசூன், ஹார்ன் மூன்றும் மெதுவாகத் தொடங்கும் யாத்ரீகர் பாட்டு; அப்புறம் செல்லோக்களின் அழுகை; அப்புறம் ட்ராம்போன்கள் முழுத் தொண்டையில் அதே பாட்டைப் பாட, மேலே வயலின்கள் திரும்பத் திரும்ப வழிந்து இறங்கும். தேயும் வாத்தியத்துக்கு இதைவிடப் பொருந்தாத இசை கிடைப்பது கஷ்டம்.

லிஸ்ட் தொடக்கத்தில் எதுவும் செய்யவில்லை. கட்டைகளின் நடுப்பகுதியில் நெருக்கமான கார்டுகள், அதாவது சேர்த்து அடிக்கும் ஸ்வரங்கள், அவ்வளவுதான். தேய்கிற ஒலியே தூரத்தில் நடக்கிற கூட்டம் மாதிரி இருக்கும் என்று கேட்டுவிட்டார் மனிதர். ட்ராம்போன்கள் வரும் இடத்தில்தான் மூன்று அடுக்கு வேண்டியிருக்கிறது: நடுவில் பாட்டு, மேலே வயலின் வழிசல், அடியில் கனமான கீழ் ஸ்வரம். கை இரண்டுதான். இங்கே காலால் மிதிக்கும் பெடல்தான் மூன்றாவது கை. அடியில் ஒன்றை அடித்து, பெடலில் பிடித்து நிற்கவைத்துவிட்டு, கை வேறு இடத்துக்குப் பாய்கிறது. காதுக்கு மூன்று பேர் வாசிப்பது போலிருக்கும்.

வீனஸ் மலையில் தந்தி வாத்தியங்கள் நடுங்கும் இடங்களைப் பியானோவின் நடுக்கத்தால், அதாவது இரண்டு ஸ்வரங்களை மாறி மாறி வேகமாக அடிக்கும் ட்ரெமலோவால், கொண்டுவருகிறார். மோசமாக வாசித்தால் ஊமைப்படத்துக்குப் பின்னணி வாசித்தது போல் ஆகிவிடும். மெல்லிசாக, கட்டையை முழுதும் மேலே விடாமல் வாசித்தால் மினுங்கும்.

ஏதாவது தொலைந்துபோயிருக்கிறதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

தொலைந்திருக்கிறது. வீனஸ் மலையின் உச்சத்தில் ஆர்கெஸ்ட்ராவில் தாம்பரின், முக்கோணம், சிம்பல் எல்லாம் சேர்ந்து கலகலக்கும். அந்தக் கலகலப்புக்குப் பியானோவில் மாற்று இல்லை. அதே பகுதியின் நடுவில் வீனஸே வந்து அழைப்பது போல ஒரு கிளாரினெட் தனியாகப் பாடும், சுற்றி வயலின்கள் உச்சியில் மெல்ல நடுங்கும். பியானோவில் அந்த இடம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளாரினெட்டின் அந்த மூச்சு இல்லை.

பதிலுக்குக் கிடைப்பதும் உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் வயலின்களின் வெள்ளத்தில் அடியில் நடக்கும் சுருதி மாற்றங்கள் மூழ்கிவிடும். லிஸ்ட்டின் தாளில் எலும்புக்கூடு தெரிகிறது. வாக்னர் எவ்வளவு துணிச்சலாக ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கினார் என்பதை நான் பியானோவில்தான் முதலில் கேட்டேன்.

என் மகள் எட்டாம் கிரேடு பாஸ். இதைத் தொடங்கலாமா?

வேண்டாம். பியானோ தேர்வின் எட்டாம் கிரேடுக்கும் இதற்கும் இடையில் இன்னொரு எட்டு கிரேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைக் கலைஞர்களே தயங்கும் உருப்படி.

கஷ்டம் வேகத்தில் மட்டும் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் வாசித்துக் கை களைத்த பிறகுதான் மிகக் கடினமான பக்கங்கள் வருகின்றன. யாத்ரீகர் பாட்டு திரும்பி வரும்போது வயலின்களின் ஓட்டம் முதல் தடவையைவிட வேகமாகவும் விடாமலும் ஓடும், பாட்டு அதற்கு மேல் முழங்க வேண்டும். ஆசைப்பட்டுத் தொடங்கி மணிக்கட்டு வீங்கி இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவன் நான். மகளுக்கு, இதே ஓபராவில் வோல்ஃப்ராம் என்ற பாத்திரம் அந்தி வெள்ளியைப் பார்த்துப் பாடும் பாட்டை லிஸ்ட் 1849-இல் பியானோவுக்கு எழுதியிருக்கிறார், அதைக் கொடுங்கள். அதுவும் எளிதில்லை, ஆனால் கையை உடைக்காது.

‘யாத்ரீகர் கோரஸ்’ என்று லிஸ்ட் பெயரில் தனியாக ஒன்று கிடைக்கிறதே, அது இதன் பகுதிதானா?

அல்ல, தனி உருப்படி. ஓபராவின் உள்ளே வரும் கோரஸை வைத்து 1860-களில் எழுதியது. மெட்டு ஒன்றே என்பதால் கடையில் மாறிப்போகிறது. இதே ஓபராவிலிருந்து ‘விருந்தினர் வருகை’ அணிவகுப்பும் அவர் கையால் உண்டு. பார்த்து வாங்குங்கள்.

ஆர்கெஸ்ட்ரா பதிவில் கேட்டேன். யாத்ரீகர் பாட்டு திரும்பி வரவே இல்லை. என் பதிவு குறையா, லிஸ்ட் சேர்த்துக்கொண்டாரா?

இரண்டும் இல்லை. நீங்கள் கேட்டது வாக்னரே பின்னால் மாற்றியது. 1861-இல் பாரிஸ் ஓபராவுக்காக அவர் வீனஸ் மலை நடனத்தை மிகப் பெரிதாக, புது இசை நடையில் எழுதினார். பாரிஸில் பாலே இரண்டாம் அங்கத்தில் வருவதுதான் வழக்கம். இவர் முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு மெதுவாக வரும் ஜாக்கி கிளப் என்ற பணக்காரர் சங்கத்துக் கனவான்களுக்குப் பொறுக்கவில்லை, விசில் அடித்தே ரகளை செய்தார்கள். மூன்றே காட்சியோடு வாக்னர் ஓபராவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு 1875-இல் வியன்னாவில், ஓவர்ச்சரை நடுவிலேயே வெட்டி நேராக அந்த நடனத்துக்குள் விட்டார். அந்த வடிவத்தில் யாத்ரீகர்கள் திரும்ப மாட்டார்கள்.

லிஸ்ட் எழுதிய 1848-இல் இதெல்லாம் நடக்கவில்லை. அவர் கையில் இருந்தது ட்ரெஸ்டன் வடிவம், முழு வட்டம்.

எந்தப் பதிவை முதலில் கேட்பது?

முதலில் ஆர்கெஸ்ட்ராவை ஒருமுறை கேட்டுவிடுங்கள், ட்ரெஸ்டன் வடிவமாகப் பார்த்து. பிறகு பென்னோ மொய்சேவிச் 1946-இல் பதிவு செய்தது. பழைய தட்டின் இரைச்சல் இருக்கும், பரவாயில்லை. கஷ்டமே தெரியாத மாதிரி வாசிப்பார். அடுத்து ஹோர்கே போலெ 1974-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் ரசிகர்கள் முன் வாசித்தது. இது வேறு ரகம், மெதுவாகப் புகையவிட்டுக் கடைசியில் கொளுத்துவார். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் போலெவை எடுப்பேன். ஆனால் பாட்டு பாட்டாகக் கேட்பது மொய்சேவிச்சிடம்தான்.

எல்லாப் பதிவும் செல்போனில் இருக்கும்போது இன்னும் ஏன் இதை வாசிக்கிறார்கள்?

ஊர் ஊராக இசையைக் கொண்டுசேர்க்கும் வேலை முடிந்துவிட்டது, உண்மைதான். அதனாலேயே இந்த வகை உருப்படிகளை இருபதாம் நூற்றாண்டில் பல ஆசிரியர்கள் மட்டமாகப் பேசினார்கள். ஆனாலும் இன்னும் வாசிப்பதற்கு, மேலே சொன்ன எலும்புக்கூடு ஒரு காரணம். இன்னொன்று, அறுபது பேர் செய்யும் காரியத்தை ஓர் ஆள் தூக்குவதைப் பார்ப்பதில் இருக்கும் பதற்றம். கனடா பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1973-இல் வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ முன்னிசையைத் தானே பியானோவுக்கு மாற்றிப் பதிவு செய்தபோது, இரண்டு கை போதாமல் ஒலிநாடாவில் தன் மேலேயே இன்னொரு முறை வாசித்துச் சேர்த்தார். லிஸ்ட்டிடம் ஒலிநாடா இல்லை. இரண்டு கைக்குள் அடக்கியே தீர வேண்டும் என்ற அந்தக் கட்டாயம்தான் இதைச் சுவையாக்குகிறது என்பது என் எண்ணம்.

வாக்னர் யூதர்களை வெறுத்தவராமே. அவர் இசையை ஏன் பிள்ளைகளுக்குப் போடுகிறீர்கள்?

ஒரு தாய் கேட்டார், மழுப்பக் கூடாது. ஆமாம், வெறுத்தார். 1850-இல் ‘இசையில் யூதம்’ என்ற கட்டுரையை முதலில் புனைபெயரில் வெளியிட்டார், 1869-இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி அச்சிட்டார். அதில் அவர் தாக்கியவர்களில் மெண்டல்ஸோனும் ஒருவர். கட்டுரை முதலில் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் லைப்ஸிக்கில் இதே ஓவர்ச்சரை மேடையில் நடத்தியவர் என்று மேலே சொன்னேனே, அவரேதான். கட்டுரை வரும்போது மெண்டல்ஸோன் உயிரோடு இல்லை.

பிள்ளைகளிடம் இதையும் சேர்த்தே சொல்கிறேன். கூடவே, நாங்கள் போடும் 1946 பதிவை வாசித்த மொய்சேவிச் ஒடெஸாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. போன மாதம் அதைச் சொன்னதும் பத்து வயதுப் பெண் ஒருத்தி, “அவர் ஏன் இதை வாசித்தார்?” என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. தட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். போட்டோம்.